மேகம் பார்த்து நிறுத்துகிறவர்

செபாஸ்டியன் என்ற பெயரை பேபி முதன்முதலில் கேட்டது வேப்பமரத்து உச்சியிலிருந்து. ஆவடியில் மாதா கோயில் தேர்த் திருவிழா. பொழுது சாய்கிற நேரம். தேர் நகர வேண்டிய சமயம் பார்த்து ஜெனரேட்டர் இரண்டு தும்மல் தும்மி நின்றுவிட்டது. சீரியல் பல்பெல்லாம் போய்விட்டது. மைக் மட்டும் பாட்டரியில் உயிரோடு இருந்தது. மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கூப்பிட்டது: "செபாஸ்டியன்! பர்னஸ் செக்‌ஷன் செபாஸ்டியன் எங்கிருந்தாலும் உடனே ஜெனரேட்டர் பக்கம் வரவும்!" மூன்று தடவை.

அப்போது பேபிக்குப் பத்தொன்பது வயது. மாங்காட்டிலிருந்து பெரியம்மாவோடு வந்திருந்தாள். பெரியம்மாவுக்கு யார் பெயரைச் சொன்னாலும் அதன் வேர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வந்தால்தான் நிம்மதி. "யாரு, அவனா? நம்ம அந்தோணி மச்சான் கீறாரே, அவுரு சகலையோட தம்பிடி. திண்டுக்கல்லுப் பக்கம். தாயில்லாத புள்ள. டேங்கு பேக்டரில உலைக்கு முன்னால நிக்கிற வேலை" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் விளக்கெல்லாம் எரிந்தது. கூட்டம் ஓவென்றது. ஆளைப் பேபி பார்க்கவில்லை. பெயரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறு வருஷம் தை மாதம் அந்தப் பெயருக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து அதை அவள் வாயால் சொன்னதில்லை. "இன்னாங்க" என்பாள். மகள் பிறந்த பிறகு "ரெனிதாப்பா."

முப்பத்தைந்து வருஷம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். உலையின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்து, இரும்பை எப்போது வெளியே எடுக்கலாம் என்று சொல்கிற வேலை செபாஸ்டியனுக்கு. "செவப்புலயே பத்து செவப்பு கீது பேபி" என்பார். ஓய்வு பெற்றபின் பூந்தமல்லியில் வாங்கிப்போட்டிருந்த மனையில் கட்டிய வீட்டுக்கு வந்தார்கள். வந்த மறுநாள் காலை மனிதர் ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸுக்காகச் சமையல்கட்டு வாசலில் நின்றார். பேபி அவரைப் பார்த்தாள். அவர் பேபியைப் பார்த்தார். அவள் இட்லியை டிபன் பாக்ஸிலேயே வைத்துக் கொடுத்தாள். அவர் ஹாலில் உட்கார்ந்து தின்றார்.

அதற்கப்புறம் நாலு வருஷம் தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரிதான் இருந்தார். நாளைத் துண்டு துண்டாகத் தூங்கிக் கழித்தார். திடுக்கென்று விழித்து, "சங்கு ஊதிட்டானா?" என்பார். இந்தத் தெருவில் ஃபேக்டரிச் சங்கு ஏது? பக்கத்து வீட்டு லோகநாயகியின் குக்கர்தான் ஊதும். ஒருநாள் இவர் இந்த நாற்காலியிலேயே கரைந்துபோய்த் துண்டு மட்டும் மிஞ்சும் என்று பேபி பயந்தாள். வைத்தியம் பார்க்கிற வியாதியாக இருந்தாலாவது சொந்தக்காரர்களிடம் சொல்லி அழலாம். மனிதருக்கு வேலை இல்லை என்பதை யாரிடம் போய் அழுவது?

ரெனிதா அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள். ஏன் ஏன் என்று கேட்டவர்களே ஓய்ந்துபோனார்கள். ஏதோ ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. அவள்தான் மொட்டை மாடியில் சூரியத் தகடு போட்டாள். பத்து மணிக்கெல்லாம் பாட்டரி நிறைந்துவிடும். அதற்கு மேல் அடிக்கிற வெயில் வீண். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கம்பெனி கழித்துப்போட்ட பெரிய கம்ப்யூட்டரை வாங்கிவந்து மாடி அறையில் வைத்தாள். அதில் கிரிப்டோ காசு தோண்டப்போவதாகச் சொன்னாள்.

"தோண்டறதா? மண்வெட்டி எங்க?" என்றாள் பேபி.

"மண்வெட்டி இல்லம்மா, புரோகிராம். மைனர்னு பேரு."

"மைனரா? செயினு போட்டுகினு தெருத்தெருவா சுத்துவானே, அவனா?"

"அய்யோம்மா! ஒரு நம்பர கண்டுபுடிக்கணும். ஒண்ணு போட்டுப் பாப்பான், தப்பு. இன்னொண்ணு போட்டுப் பாப்பான், தப்பு. உலகம் பூரா ஆயிரக்கணக்கான மெஷினு இப்பிடித்தான் தேடிகினு இருக்கு. நாம ஒரு கூட்டத்தோட சேந்து தேடறோம். கெடச்சா அவங்கவங்க பங்கு."

"சும்மா குருட்டாம்போக்குலயா?"

"குருட்டாம்போக்குலதான். விநாடிக்கு ஆயிரம் தடவ."

அந்த மைனரை அவள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பெட்டிக்குள் போட்டிருந்தாள். கன்டெய்னர் என்றாள். துறைமுகத்திலிருந்து நசரத்பேட்டை வழியாக லாரியில் போகிற இரும்புப் பெட்டியும் கன்டெய்னர்தானே என்று பேபி கேட்டதற்கு, மகள் வேறு மாதிரி சொன்னாள். "ஊட்ல ஒரு போர்ஷன் வாடகைக்கு விடற மாதிரி வச்சுக்கம்மா. குடித்தனக்காரன் அந்த ரூம்தான் மொத்த ஊடுன்னு நெனச்சுகினு இருப்பான். இவ்ளோதான் கரண்டு, இவ்ளோதான் எடம்னு நாம அளந்து விடுவோம். என் ஆபீஸ் வேலைய அவன் தொட முடியாது. வேணாம்னா நிறுத்தலாம், திரும்ப எழுப்பலாம். ஒரேயடியா காலி பண்ணிட்டோம்னா சுவத்துல அவன் அடிச்ச ஆணி கூட மிஞ்சாது."

அந்த மெஷின் ஓட ஆரம்பித்த அன்று செபாஸ்டியன் கீழே நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். மேலிருந்து ஒரு ரீங்காரம் இறங்கி வந்தது. கண்ணைத் திறந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போனார். பேபி பின்னாலேயே போனாள். மனிதர் மெஷின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, "லோடு எவ்ளோம்மா?" என்றார். நாலு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, சங்கு ஊதிட்டானா என்பதைத் தவிர.

ரெனிதா அப்பாவைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, ஒரு தொல்ல இருக்கு. மேகம் மறைச்சா தகட்டுல கரண்டு வராது. இவன் பாட்டரியக் குடிச்சிடுவான். சாயங்காலம் ஃபேன் ஓடாது. மேகம் வந்தா யாராவது நிறுத்தணும், போனா எழுப்பணும்."

"ஆளு கீறேன்" என்றார் செபாஸ்டியன்.

அவள் இரண்டு வரி சொல்லிக்கொடுத்தாள். ஒரு வரி எழுப்ப, ஒரு வரி நிறுத்த. அவர் அதைப் பெரிய பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மறுநாள் பத்து மணிக்குக் காக்கிச் சட்டையோடு மாடியில் இருந்தார். நாலு மணிக்கு இறங்கினார். அன்று சாப்பிட்டுப் படுத்தவர் ஒரே உறக்கமாக உறங்கினார்.

அன்று சமையல்கட்டில் ரெனிதா அம்மாவின் காதோடு சொன்னாள்: "பத்து வரி எழுதினா அந்த மெஷினே வெயில பாத்து நின்னுக்கும், எழுந்துக்கும். அப்பாகிட்ட வாய விட்டுடாத."

பேபி வாயை விடவில்லை. ஆனால் மகள் ஒரு நாள் அலுத்துப்போய் அந்தப் பத்து வரியை எழுதிவிட்டால், மனிதர் மறுபடி நாற்காலிக்குப் போய்விடுவார் என்பது அடிமனதில் கிடந்துகொண்டே இருந்தது.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் பேபி டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். போனால் இறங்க மனசு வராது. திரையில் எழுத்து ஊர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு பச்சை வரி வரும். "ஒண்ணு ஏத்துக்கினான்" என்பார் செபாஸ்டியன். யார் ஏற்றுக்கொண்டார்கள், எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் கேட்டதில்லை. தூரத்தில் யாரோ ஒருவர் சரி என்று தலையாட்டுகிறார். அது போதும் அவருக்கு. மெஷினின் சூட்டில் அறை வெதுவெதுவென்று இருக்கும். பேபி சுவரில் சாய்ந்துகொண்டால் கண் செருகும். பாதி விழிப்பில் அந்த ரீங்காரம், கோயிலில் எல்லாரும் சேர்ந்து முணுமுணுக்கிற ஜெபமாலை மாதிரியும் கேட்கும், எங்கோ தண்ணீர் விழுகிற மாதிரியும் கேட்கும்.

செபாஸ்டியன் மாடி அறை வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்துதான் மேகம் கிளம்பி வரும். அதன் நிழல் முதலில் ஏரிமேல் விழும், பிறகு கிடங்குகளின் தகரக் கூரை மேல், பிறகு மனை போட்ட வெற்று நிலத்தின் மேல். ஒவ்வொரு மொட்டை மாடியாக, காயப்போட்ட துணிகளைத் தடவிக்கொண்டு, பூனை மாதிரி ஓசையில்லாமல் வரும். நாலு மாடி தள்ளி அது இருக்கும்போதே அவர் உள்ளே போய் நிறுத்துகிற வரியை அடித்துவிடுவார். மெஷின் பெருமூச்சு விட்டு அடங்கும். அடங்கின பிறகுதான் நிழல் வந்து தகட்டின் மேல் படியும். அப்போது தெருவே நின்றுவிட்ட மாதிரி இருக்கும். காக்காய் கத்துவது கூட வேறு ஊரில் கத்துவது போலக் கேட்கும். வெயில் திரும்பியதும் எழுப்புவார்.

"இன்னா அண்ணாத்தே, டிவில வானிலை அறிக்கை படிக்க ஆளு கேட்டுகிறாங்களா?" என்று பக்கத்து மாடியிலிருந்து லோகநாயகி குரல் கொடுப்பாள்.

"உன் வத்தல எடுத்து வையி. பத்து நிமிசத்துல தூறும்" என்பார். தூறும்.

மூன்றாம் வருஷம் ஆயுத பூஜை வந்தது. செபாஸ்டியன் கோயிலுக்கு ஞாயிறு தவறாதவர்தான். ஆனால் ஃபேக்டரியில் ஆயுத பூஜைக்குச் சாதி மதம் கிடையாது. மெஷினை நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, அன்று முழுக்க ஓய்வு கொடுப்பார்கள். உழைக்கிற பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாள் கூட ஓய்வு கொடுக்காதவன் தொழிலாளியே இல்லை என்பார் அவர் கூட்டாளி இராமகிருஷ்ணன். அந்த வழக்கப்படி செபாஸ்டியன் அன்று காலையில் மைனரை நிறுத்தினார். மகள் அம்பத்தூரில் தோழி வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தாள். தகடுகளை ஈரத்துணியால் துடைத்தார், மெஷினின் தூசியைப் பிரஷ்ஷால் தட்டினார், நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்தார். பேபி பொரி, கடலை, வாழைப்பழம் எடுத்துவந்தாள். வந்தவள் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"வெளிய பளபளன்னு ஆக்கிட்டீங்க. உள்ள கீற குப்பைய யாரு தொடைக்கறது?"

செபாஸ்டியன் யோசித்தார். சனிக்கிழமைகளில் ரெனிதா மாடிக்கு வந்து ஒரு வரி அடிப்பாள். "உள்ள சேந்த வேஸ்ட்ட கழிக்கறேன்பா" என்பாள். நிச்சயமாகவா என்று கேட்கும். ஆமாம் என்று ஒரு எழுத்தைத் தட்டுவாள். அந்த வரியையும் அவர் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருந்தார். அதை அடித்தார். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினார். ஏதேதோ வரிகள் ஓடி நின்றன. "ஆச்சு. உள்ளயும் சுத்தம்" என்று சொல்லிப் பொரியை வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்கு எழுப்புகிற வரியை அடித்தார். அப்படி ஒரு பெட்டியே இல்லை என்றது மெஷின். மறுபடி அடித்தார். இல்லை. அட்டையில் விரல் வைத்து எழுத்து எழுத்தாக அடித்தார். இல்லை. வெளியே நல்ல வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ரெனிதாவைக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"நேத்து இத அடிச்சியாப்பா?"

"ஆமா. நீ சனிக்கெழம அடிப்பியே, அதான்."

"நான் அடிக்கும்போது அவன் ஓடிகினு இருப்பான்பா! ஓடற பொட்டிய அது தொடாது. நின்னுபோன பொட்டிய மட்டும்தான் குப்பைன்னு அள்ளிட்டுப் போவும்."

ஓய்வு கொடுக்கிறேன் என்று நிறுத்தினாரே, அதுதான் வினையாகப் போயிற்று. வேறு ஒரு பெட்டி செய்து மைனரைப் போட ரெனிதாவுக்குப் பத்து நிமிஷம் ஆகாது. ஆனால் மூன்று வருஷத்துக் காசுக்கான சாவியும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சாவி என்றால் கடவுச்சொல் மாதிரி இருபத்தைந்து வார்த்தை. அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்க வேண்டும் என்று அவள் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப காசு போச்சா?" என்றாள் பேபி.

"போவலம்மா. அங்கயேதான் இருக்கு. உலகத்துல யாரு வேணா பாக்கலாம். யாரும் எடுக்க முடியாது. நானும்."

சொன்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வருஷம் வேலைய விட்டுட்டு சும்மா இருக்கணும்னு ஆசப்பட்டேன்மா. ஒண்ணுமே செய்யாம. காலைல எழுந்து ஜன்னல பாத்துகினு. உங்ககிட்ட கை நீட்டாம இருக்கத்தான் சேத்தேன். பாதி வந்திருந்துது." பிறகு அப்பாவைப் பார்த்து வெடித்தாள். "பத்து வரி எழுதியிருந்தா அதுவே நிறுத்தி அதுவே எழுப்பிகினு இருக்கும்! உனக்காகத்தான்பா எழுதல. இனிமே மேல வராத."

செபாஸ்டியன் மகள் முகத்தையும் மெஷினையும் பார்த்தார். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே படி இறங்கினார். உள்ளே யார் துடைப்பது என்று கேட்ட வாய் பேபியுடையதுதானே.

அன்று மத்தியானம் அவர் தூங்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து ஒரு முழுத்தாளில் எழுதினார். ஃபேக்டரியில் ஒருவன் கையால் பொருள் கெட்டால், அவன் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரணை முடிகிறவரைக்கும் மெஷின் பக்கம் போகக் கூடாது. அவர் சர்வீஸில் இரண்டு தடவை எழுதியிருக்கிறார். தாளை மடித்து மகளின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளினார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"மேற்படி தேதியில் நான் இயந்திரத்தை நிறுத்தி, எனக்குச் சொல்லித்தராத கட்டளையை, சொல்லித்தந்தவரைக் கேட்காமல் பயன்படுத்தினேன். பொருள் சேதத்துக்கு நானே பொறுப்பு. விசாரணைக்கு உட்படுகிறேன். செபாஸ்டியன், மாடி ஷிப்ட்."

மூன்று நாள் ஆயிற்று. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்வதே இல்லை. கூப்பிட்டால் எழுந்து போகத் தயாராக இருக்கிறவர் மாதிரி. மேலே ரீங்காரம் கேட்டது, நின்றது, கேட்டது. மகள் அந்தப் பத்து வரியை எழுதிவிட்டாள் என்று பேபிக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும். மேகம் ஊரைக் கடந்து போகும்போது அவர் தலை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பும்.

நாலாம் நாள் பேபி மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, அந்த மனுசன் என்கொயரி கேட்டுகினு ஒக்காந்துகிறாரு. வெச்சித் தொலையேன்."

"என்னம்மா வெளையாட்டு இது? நான் கோவம் ஆறிட்டேன். மேல போவச் சொல்லு."

"ஆறிட்டேன்னா அவுருக்குப் பத்தாது. தப்பு யாருதுன்னு முடிவாவாம அவுரு படியேற மாட்டாரு. உங்கப்பன எனக்குத் தெரியாதா?"

சாப்பாட்டு மேஜையில் விசாரணை நடந்தது. ரெனிதா கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டாள். செபாஸ்டியன் சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு எதிரே நின்றார். உட்காரச் சொன்னதும்தான் உட்கார்ந்தார்.

"இயந்திரத்த ஏன் நிறுத்தினீங்க?" அவளே அறியாமல் மரியாதை வந்துவிட்டது.

"ஆயுத பூஜைங்க."

"அந்தக் கட்டளைய ஏன் அடிச்சீங்க?"

"உள்ள தொடைக்க."

"அத நான்தான் கேட்டேன்" என்றாள் பேபி நடுவில் புகுந்து. "சாட்சி நானு. உள்ள யாரு தொடைக்கறதுன்னு கேட்டு கெடுத்தவளும் நானு. எழுதிக்க."

ரெனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. "ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு மொத நாளே நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்பா. பொட்டி இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. காப்பாத்த வேண்டியத வெளிய வைங்கன்னு. சொல்லிட்டு நானே உள்ள வச்சேன். நீ அடிக்கலன்னா என்னிக்காவது நானே அடிச்சிருப்பேன். தப்பு என்னுது."

"எம் பேர்ல?"

"கேக்காம அடிச்சது தப்பு. எழுத்து மூலமா எச்சரிக்கை."

செபாஸ்டியன் தலையை ஆட்டினார். நியாயமாகப் பட்டிருக்கும். பிறகு மேஜையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அந்தப் பத்து வரி?"

"எழுதிட்டேன்பா. ஓடுது."

பேபி மாடிப்படிப் பக்கம் பார்த்தாள்.

"நெழலு வுழுந்தப்புறம்தான் நிக்குது அது. கேட்டுகினுதான் இருந்தேன்" என்றார் அவர்.

"ஆமா. அதுக்குத் தகடுதான் தெரியும், மேகம் தெரியாது. ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் அத வச்சிக்கலாம். உனக்கு வார லீவு வேணும் இல்ல?"

"நீ ஒரு வருசம் சும்மா இருக்கணும்னியே. நான் நாலு வருசம் இருந்து பாத்தேம்மா. நல்லா இல்ல" என்றார் செபாஸ்டியன்.

"நீ இருந்தது வேறப்பா. நான் கேக்கறது வேற."

"அப்ப மறுபடி மொதல்லேர்ந்து சேப்போம்" என்று எழுந்தார்.

புது இருபத்தைந்து வார்த்தையை ரெனிதா தாளில் எழுதினாள். பேபி அதை பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ரெனிதா இன்னும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய சும்மா இருக்கிற வருஷம் இன்னும் வரவில்லை.

செபாஸ்டியனுக்கு இப்போது அறுபத்தேழு வயது. பூந்தமல்லி வீட்டின் மாடி அறையில், ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பத்திலிருந்து நாலு வரைக்கும் டூட்டியில் இருக்கிறார்.